பாலிமார்ஃபும் லிம்ஃபோசைட்டும்

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் சர்க்கரையையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைப்பவர்களே அதிகம். அதே தாளில் 'டிஃபரன்ஷியல் கவுன்ட்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு சதவீதங்கள் இருக்கும். பெரியவர்களுக்குப் பாலிமார்ஃப் 40 முதல் 70 வரை, லிம்ஃபோசைட் 20 முதல் 40 வரை இருப்பது வழக்கம். லேப்காரர்கள் பாலிமார்ஃப் என்பது நியூட்ரோஃபிலைத்தான். இரண்டும் வெள்ளை அணுக்கள். இரண்டுக்கும் மூலம் எலும்பு மஜ்ஜை. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

லீஷ்மன் சாயம் ஏற்றிய ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் நியூட்ரோஃபிலின் உட்கரு இரண்டு முதல் ஐந்து துண்டுகளாக, மெல்லிய இழையில் கோத்தாற்போல் கிடக்கும். சுற்றிலும் பொடிப்பொடியான துகள்கள். கிருமியைச் சிதைக்கும் நொதிகள் அவற்றில்தான் இருக்கின்றன. லிம்ஃபோசைட்டில் பார்க்க ஒன்றுமில்லை. அடர் ஊதாவில் ஓர் உருண்டை உட்கரு, ஓரத்தில் கொஞ்சம் வெளிர்நீலம், அவ்வளவே.

காலில் முள் ஏறிய சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் அங்கே குவிந்துவிடும். ரத்தக் குழாயின் உட்சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியே நெளிந்து வெளியேறி, அகப்பட்ட கிருமியை விழுங்கும். தன் டிஎன்ஏவையே வலையாக விரித்துக் கிருமியைப் பிடிப்பதும் உண்டு. பெர்லின் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டது 2004இல்தான். ரத்தத்தில் அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவு. அதனால் மஜ்ஜை தினமும் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்க வேண்டியிருக்கிறது. புண்ணில் வடியும் சீழில் பெரும்பகுதி இவற்றின் பிணங்களே.

லிம்ஃபோசைட்டுக்கு இந்த அவசரம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டுமே கண்டுகொள்ளும். அந்தக் கிருமி புதிதென்றால், பெருகி, எதிர்ப்பொருள் போதிய அளவு சுரக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் மறக்காது. 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். 1781இல் வந்த அம்மையில் பிழைத்த கிழவர்களில் ஒருவரையும் அது தொடவில்லை என்று டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் எழுதிவைத்தார். இடையில் 65 ஆண்டுகள்!

இந்த நினைவாற்றலுக்காகவே பாடநூல்கள் லிம்ஃபோசைட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன. தடுப்பூசியும் அதை நம்பித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எது இல்லாமல் போனால் உயிர் சீக்கிரம் போகும் என்று கேட்டால், என் ஓட்டு நியூட்ரோஃபிலுக்கே. எச்ஐவி லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகையை அழித்து எய்ட்ஸாக முற்ற, சிகிச்சை இல்லாவிட்டாலும் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இறங்கினால் நம் குடலில் சும்மா கிடந்த பாக்டீரியாவே ரத்தத்தில் புகுந்து சில நாள்களில், சமயத்தில் சில மணி நேரத்திலேயே ஆளை முடித்துவிடும். அப்போது சீழ்கூடச் சரியாகக் கட்டாது, வீக்கமும் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த ஓரிரு வாரத்தில் இந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போவது சகஜம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கீமோ எடுத்த தேதியை முதலில் சொல்லுங்கள்.