கிழமை கேட்க முடியாத நோயாளி

தலையில் அடிபட்டு வருபவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் பெயரையும் கிழமையையும் கேட்பார்கள். “கையைத் தூக்குங்க” என்பார்கள். 1974இல் கிளாஸ்கோ நகரில் உருவான அளவுகோல் இது. மருத்துவமனைச் சீட்டில் ‘ஜி.சி.எஸ்.’ என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் கிழமை கேட்க முடியுமா?

ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் பிளான்டயர் நகர மருத்துவர்களுக்கு 1980களில் இதுதான் சிக்கல். மலேரியா மூளையைத் தாக்கி நினைவிழந்த குழந்தைகள் அங்கே வந்தபடி இருந்தார்கள். காய்ச்சல் அசதியில் தூங்கும் குழந்தை எது, ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் குழந்தை எது என்று பிரித்தறிய வேண்டும். மால்கம் மாலினூ, டெர்ரி டெய்லர் முதலியோர் அப்படிப்பட்ட 131 குழந்தைகளைக் கவனித்து, 1989இல் வேறோர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் அம்மாவின் முகத்தைப் பின்தொடர்கிறதா? அழுகை வழக்கமான அழுகையா, வெறும் முனகலா? நெஞ்செலும்பை விரல் மூட்டால் அழுத்தினால் கை அந்த இடத்தைத் தேடி வருகிறதா? மொத்தம் 5 மதிப்பெண்; 2 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆழ்ந்த மயக்கம். கருவி எதுவும் வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

மருந்தின் கதை வேறு. வீட்டுப் பெரியவர்கள் ‘கொய்னா’ என்பார்களே, அந்தக் குயினைனை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இந்த நோயில் ஏற்கெனவே குறையக்கூடிய இரத்தச் சர்க்கரையை அது மேலும் இறக்கிவிடலாம். சீன மூலிகையிலிருந்து வந்த ஆர்ட்டிசுனேட்டைச் சில நிமிடங்களில் ஊசியாகப் போட்டுவிடலாம். 9 ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2010இல் வெளியான முடிவு: குயினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 சதவீதம் பேர். மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கும் ஆர்ட்டிசுனேட்டைப் பரிந்துரைத்தது.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்காதீர்கள். சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசு, 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது, பிறகு எத்தியோப்பியாவிலும்.

மலேரியா உள்ள ஊருக்குப் போய்வந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் கண் உங்கள் முகத்தைத் தேடாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.