திருப்பணியும் பழம்பொற்காசும்

நினைத்த அளவில் முத்தி நல்கும் திருத்தலம் திருவண்ணாமலை. அதன் கிரிவலப் பாதையிலே, இரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதியில், பல நாட்டு மக்களும் அருணைப் பெருமானை நாடி வந்து உலவுதலை நாடோறும் காண்கின்றோம். இம்மக்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே பல நாட்டுப் பொன் தமிழகத்தை நாடி வந்தது. அவ்வரலாற்றிற் சிலவற்றைத் திருக்குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில் அன்பர்கள் சிந்தைக்கு உரைக்க விழைகின்றேன். அதற்குக் காரணம் எளியேன் செய்த பிழையொன்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சேரநாட்டு முசிறித் துறைக்கு யவனர் தம் மரக்கலங்களிற் பொன் கொணர்ந்து, அதற்கு ஈடாக மிளகு பெற்றுச் சென்ற செய்தியை அகநானூறு குறிக்கின்றது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சுக்குக் குறையாத செல்வம் உரோமப் பேரரசிலிருந்து இந்தியாவுக்குச் சென்றுவிடுகின்றதென முதல் நூற்றாண்டினரான பிளினி வருந்தி எழுதினார். இவ்விரு கூற்றுக்கும் மண்ணே சான்று பகர்ந்தது. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் காலத்தாற் பிந்தியவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெசுபாசியன் காசுகள். ஆதலின் அம்மன்னன் அரியணை ஏறுமுன் அப்புதையல் மண்ணுட் சென்றிருத்தல் இயலாது என்பது தெளிவு. பெரும்பாலான காசுகளில் மன்னன் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. அவை மீண்டும் நாணயமாக வழங்காமல் வெறும் பொன்னாகவே கொள்ளப்படுதற்பொருட்டு அங்ஙனம் வெட்டப்பட்டன என்பர் ஆராய்ச்சியாளர் பலர். மன்னன் முகத்தினும் பொன்னின் தரத்தையே நம் முன்னோர் மதித்தனர் போலும்!

கீழ்த்திசைப் பொன்னும் நம் திருக்கோயில்களை அடைந்தது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னனின் அதிகாரி நாகைக் காரோணப் பெருமானுக்குச் 'சீனக்கனகம்' அளித்த செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வழங்கிய பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் இறைவன் திருப்பெயரையே தாங்கிய நிறைகல் பயன்பட்டது. கொடுத்தவன் பேரரசனேயாயினும் நிறை குறையாது பார்த்துக் கல்லிற் பொறித்து வைத்தனர். இன்று நம் இல்லங்களிற் பொன்னை அளக்கும் 'பவுன்' என்னும் சொல்லும் ஆங்கில நாட்டு நாணயத்தின் வழி வந்ததே.

பொன்னின் மாற்றையும் காசின் தரத்தையும் ஆராய்தல் நம் சமயத்துக்குப் புறம்பானதன்று. திருமுதுகுன்றத்தில் இறைவன் அருளிய பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது, மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு, பாடி நிறைவாக்கினார். திருவீழிமிழலைப் பஞ்ச காலத்தில் பெருமான் நல்கிய படிக்காசுகளுள் சம்பந்தர் பெற்றதற்கு வட்டம் இருந்தது. உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்த அப்பர் பெற்றதற்கு அக்குறை இல்லை. இறைவன் தந்த காசையே உரைத்துப் பார்த்த மரபு நம்முடையது.

இனி என் பிழையைக் கூறுவேன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகட்கு முன், மடத்திற் கல்வி முடித்த இளமைப் பருவத்தில், ஒரு சிற்றூர்ச் சிவன்கோயில் திருப்பணிக்கு உதவச் சென்றிருந்தேன். பழைய பீடத்தைப் பெயர்த்தபோது அதன் அடியில் ஐந்து சிறு பொற்காசுகள் கிடைத்தன. ஊர்ப்பெரியோர், "சாமி, இவற்றை என்ன செய்வது?" என வினவினர். ஒரு காசில் எனக்கு விளங்காத எழுத்துகள் இருந்தன. கற்றவன் என்னும் செருக்கினால் அதனை ஒப்புக்கொள்ளாது, "சிவன் சொத்துச் சிவனுக்கே; உருக்கி அம்மைக்குத் திருமாங்கல்யப் பொட்டுச் செய்க" என்று கூறிவிட்டேன். அன்று மாலையே பொற்கொல்லர் மூசையில் அவை ஐந்தும் ஒன்றாயின. அம்மையின் திருக்கழுத்தில் அப்பொன் இன்றும் உள்ளது. குன்றிமணி அளவும் குறையவில்லை. ஆயின் அக்காசு எந்நாட்டது, அதனை அங்கு வைத்த அடியவர் எக்காலத்தவர் என்பன என்றைக்கும் அறிய ஒண்ணாதவாறு அழிந்தன. அழித்தவன் அடியேன்.

அணிகள் பலவாயினும் பொன் ஒன்றே மெய் என்பதனை இரமண மகரிஷிகள் உள்ளது நாற்பதில் உவமையால் விளக்கியருளினார். ஞானநெறிக்கு அதுவே முடிந்த உண்மை. ஆயினும் அவ்வுவமையைப் பழங்காசுக்கு ஏற்றிச் சொல்லி என் பிழையை மறைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. வரலாற்றுக்கு உருவமே வாய். உருக்கிய காசு ஊமை.

2020ஆம் ஆண்டில் திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி சந்நிதி அருகே தோண்டியபோது 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. 2025ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துச் சவ்வாது மலைக் கோவிலூர்ச் சிவன்கோயில் திருப்பணியில் 103 காசுகள் கிடைத்தன. அவை மூசைக்குப் போகாமல் உலகறிய வெளிப்பட்டமையால் இன்று பேசப்படுகின்றன. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அஃது அறியாமல் நடந்ததும் என் குற்றமே.

ஆகவே திருப்பணி புரியும் அன்பர்களுக்கும் பொருளுதவும் புரவலர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மண்வெட்டியில் ஒரு பழங்காசு தட்டுப்படுமாயின் அதனைத் துலக்கவும் வேண்டா; உருக்கவும் வேண்டா; பங்கிடவும் வேண்டா. கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி வைத்து உரியவர்க்கு அறிவியுங்கள். அம்மைக்குச் சாத்தப் புதுப்பொன் அளிக்க உங்கள் கைகள் உள்ளன. பெயர் அறியாத அப்பழைய அடியவரின் கையை நமக்குக் காட்ட அக்காசு ஒன்றே உள்ளது.

அருணாசலப் பெருமான் திருவருள் யாவர்க்கும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்.