நீலகிரியில் ஓய்வுக்கால வருமானம்: ஒரு வரலாற்றுப் பார்வை

கோத்தகிரியிலிருந்து வரும் சாலை கட்டபெட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உதகைக்கும் மற்றொன்று குன்னூருக்கும் செல்கிறது. சுற்றிலும் சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அவர்கள் பறிக்கும் இலையைத் தூளாக்கும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும் இங்கு இருக்கிறது. உழைப்பு நின்ற பிறகு எதை வைத்து வாழ்வது என்ற கேள்விக்கு இந்த மலை மாவட்டம் கடந்த இருநூறு ஆண்டுகளில் நான்கு வகையான விடைகளைக் கண்டிருக்கிறது. அவை ஓய்வூதியம், நிலம், பணிக்கொடை, விருப்ப ஓய்வுத் தொகை என்பன.

வேலைக்குச் செல்லாமலேயே குடும்பச் செலவுக்கு வேண்டிய வருமானம் வந்துகொண்டிருக்கும் நிலையையே இன்று பொருளாதாரச் சுதந்திரம் என்கிறார்கள். இதற்கு எவ்வளவு சேமிப்பு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது பிறந்தது. ஓய்வு பெறும் முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டால், சேமிப்பு 30 ஆண்டுகள் தாங்கும் என்று அவர் கண்டார். அதாவது ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேமிப்பு வேண்டும். இது அமெரிக்கச் சந்தையை அடிப்படையாகக் கொண்ட கணக்கு. எனினும் நீலகிரியின் அனுபவங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலாக உதவும்.

ஓய்வூதியம்: ஆங்கிலேய அதிகாரிகள்

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு வந்தார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவர் தங்கிய கட்டடம் இன்று நினைவகமாக உள்ளது. பின்னர் உதகையில் ஸ்டோன் ஹவுஸ் என்ற கல் பங்களாவைக் கட்டினார். 1838-ல் அவருடைய மனைவியும் ஒரு மகளும் இறந்தனர். அவர்களுடைய கல்லறை உதகை புனித ஸ்டீபன் ஆலயத்தில் உள்ளது. 1841-ல், தமது 53-ஆம் வயதில், சல்லிவன் இந்தியாவை விட்டுச் சென்றார். இங்கிலாந்தில் அவர் சும்மா இருக்கவில்லை. இந்திய சமஸ்தானங்களைக் கம்பெனி தன்னுடன் இணைத்துக்கொள்வதை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்தார். 1855-ல் காலமானார்.

சல்லிவனுக்குப் பின் வந்த ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கு ஓய்வூதிய விதி தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. 25 ஆண்டுகள் பணியில் இருந்து, அதில் 21 ஆண்டுகள் நேரடியாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 1000 பவுண்டு கிடைத்தது. இருபதுகளின் தொடக்கத்தில் பணியில் சேர்ந்தவர் ஐம்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற முடிந்தது. 25 மடங்குக் கணக்கில் பார்த்தால், இது 25,000 பவுண்டு சேமிப்பு வைத்திருப்பதற்குச் சமம். அவர்களுடைய சம்பளத்திலிருந்தும் ஒரு பகுதி இதற்காகப் பிடிக்கப்பட்டது. மீதி இந்திய வருவாயிலிருந்து சென்றது. இந்தியச் செல்வம் வெளியேறும் வழிகளில் ஒன்றாக இத்தகைய ஓய்வூதியங்களைத் தாதாபாய் நௌரோஜி சுட்டிக்காட்டினார். ஒருவரின் நிம்மதியான ஓய்வுக்கு வேறொருவர் வரி செலுத்தினார் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

நிலம்: கட்டபெட்டின் சிறு விவசாயிகள்

கோத்தகிரிப் பகுதியைப் படகர்கள் பொரங்காடு சீமை என்பார்கள். முன்பு இங்கு சாமை, ராகி, பார்லி போன்றவை விளைந்தன. பின்னர் உருளைக்கிழங்கு முக்கியப் பணப்பயிரானது. 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. அக்காலத்தில் சிறு விவசாயிகள் தேயிலைக்கு மாறத் தொடங்கியிருந்தனர். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை அமைந்தது. 1963-ல் குன்னூரில் தேயிலை ஏல மையம் தொடங்கியது. 1965-ல் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வ் உருவானது. கட்டபெட்டு தொழிற்சாலையும் இந்த அமைப்பைச் சேர்ந்ததே.

உருளைக்கிழங்கை ஒவ்வொரு பருவமும் புதிதாக நட வேண்டும். தேயிலையை ஒருமுறை நட்டால் பல தலைமுறைகளுக்குப் பறிக்கலாம். வயதானவர் தாமே பறிக்க முடியாவிட்டாலும் ஆள் வைத்துப் பறிக்கலாம். மாதந்தோறும் இலைப் பணம் வரும். சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாத குடும்பங்களுக்குத் தேயிலைத் தோட்டமே ஓய்வூதியமாக இருந்தது. பிள்ளைகளின் படிப்பும் வீடு கட்டும் செலவும் இதிலிருந்தே நடந்தன.

ஆனால் விலையை விவசாயி தீர்மானிப்பதில்லை. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். ஏலத்தில் தூளுக்குக் கிடைக்கும் விலையை வைத்தே இலையின் விலை கணக்கிடப்படுகிறது. நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தையாக இருந்த சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்தது. 1990-களின் இறுதியில் இலை விலை கடுமையாகச் சரிந்தது. 2023-ல் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தனர். பறிப்புக் கூலியும் உரச் செலவும் போக மிஞ்சுவது எதுவுமில்லை என்றால், தோட்டம் சொந்தமாக இருந்தும் அதை ஓய்வுக்கால வருமானம் என்று சொல்ல முடியாது. இளையவர்கள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்ல இதுவும் ஒரு காரணம்.

பணிக்கொடை: தோட்டத் தொழிலாளர்கள்

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 இலங்கை மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-ல் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அது 1976-ல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் அதன் தோட்டங்கள் உள்ளன.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இன்படி நிர்வாகம் குடியிருப்பு வசதி தர வேண்டியிருந்தது. லயன் வீடுகள் இவ்வாறு அமைந்தவை. பணிக்கொடைச் சட்டம் 1972-இன்படி ஓராண்டுப் பணிக்கு 15 நாள் கூலி கிடைத்தது. 30 ஆண்டுகள் இலை பறித்தவருக்கு 450 நாள் கூலி கைக்கு வந்தது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டால் இது ஏறத்தாழ 17 மாதச் சம்பளம். குடும்பச் செலவும் சம்பளமும் சமம் என்று வைத்துக்கொண்டால், 25 மடங்குக் கணக்கு கேட்பது 300 மாதச் சம்பளம். வருங்கால வைப்பு நிதியும் மாத ஓய்வூதியமும் இடைவெளியை ஓரளவு குறைக்கும். ஆனால் 2014 செப்டம்பர் முதல் அந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்ச அளவு மாதம் 1000 ரூபாய்தான்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வீடு. வேலைக்காகத் தரப்பட்ட லயன் வீட்டின் மீதான உரிமை வேலையோடு முடிகிறது. கடல் கடந்து வந்தவருக்குச் சொந்த ஊரில் நிலமோ உறவோ இல்லாமல் போகலாம். அதனால் பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து வீட்டைத் தக்கவைப்பது வழக்கமாயிற்று. பெற்றோரின் ஓய்வு பிள்ளையின் தொழிலை முடிவு செய்தது.

விருப்ப ஓய்வு: பிலிம் தொழிற்சாலை

உதகையில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. படச்சுருளும் எக்ஸ்ரே பிலிமும் அங்கு தயாராயின. 1990-களில் நிறுவனம் நலிவுற்றது. டிஜிட்டல் தொழில்நுட்பம் படச்சுருளின் தேவையையே குறைத்துவிட்டது. 2014-ல் மத்திய அமைச்சரவை ஊழியர்களின் விருப்ப ஓய்வுக்காகச் சுமார் 181 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது.

பெயர் விருப்ப ஓய்வு என்றாலும், ஆலையே மூடப்படும்போது விருப்பத்துக்கு இடம் குறைவு. ஐம்பது வயதை ஒட்டியவர் ஒரு மொத்தத் தொகையைப் பெறுகிறார். அவருக்கு முன்னால் முப்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், பழைய கடன் ஆகியவையும் அதே தொகையை எதிர்பார்த்து நிற்கும். ஐ.சி.எஸ். அதிகாரியும் ஏறக்குறைய இதே வயதில்தான் ஓய்வு பெற்றார். அவருக்கு ஆண்டுதோறும் பணம் வந்தது. இவருக்கு அது ஒருமுறை வந்தது.

ஓய்வுக்குப் பின்

ஓய்வுக்குப் பின் நாளை எப்படிக் கழிப்பது என்பதும் வருமானத்தோடு இணைந்த கேள்வியே. சல்லிவன் தம் இந்திய அனுபவத்தை அரசியல் வாதங்களுக்குப் பயன்படுத்தினார். படகர் ஹட்டிகளில் முதியவருக்கு ஊர்க்கூட்டத்திலும் ஹெத்தையம்மன் பண்டிகையிலும் இடம் உண்டு. காலையில் தோட்டத்தைச் சுற்றிவரும் பழக்கமும் விட்டுப்போவதில்லை. லயன் வீட்டைக் காலி செய்யும் தொழிலாளி வீட்டோடு அக்கம்பக்கத்தையும் கோயில் திருவிழாவையும் சேர்த்தே இழக்கிறார்.

ஆகவே 25 மடங்கு சேமிப்பு என்ற கணக்கு பாதியைத்தான் சொல்கிறது. தொடர்ந்து வரும் வருமானம், யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத வீடு, தன்னை அறிந்த ஊர் ஆகியவை இருந்தவர்களுக்கே நீலகிரியில் ஓய்வு சுதந்திரமாக அமைந்தது. கட்டபெட்டின் விவசாயிக்கு வீடும் ஊரும் இருக்கின்றன. இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்குமா என்பதே அவருடைய ஓய்வுக்காலத்தைத் தீர்மானிக்கும்.