மர்மப் படக்கலை: அமெரிக்காவும் சேலமும்



மர்மப் படங்களில் விருப்பமுள்ள மாணவர்கள், அமெரிக்கப் படங்களுள் எவற்றைப் பார்க்கலாம் என்று ஆசிரியர்களைக் கேட்பதுண்டு. பெயர்களை மட்டும் அடுக்கிக் கூறினால் பயன் குறைவு. அக்கலை எவ்வாறு வளர்ந்தது, நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால், பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். மர்மப் படம் என்றால் உண்மையைக் கடைசிவரை மறைத்து வைப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மைதான். ஆல்பிரட் ஹிட்ச்காக் என்னும் இயக்குநர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். திடீரென்று அடியிலிருந்த வெடிகுண்டு வெடிக்கிறது. பார்ப்பவர் திடுக்கிடுவர், அது சில நொடிகளில் மறைந்துவிடும். ஆனால், குண்டு இருப்பதைப் பார்ப்பவருக்கு முன்னரே காட்டிவிட்டு, அவ்விருவரையும் ஒன்றும் அறியாமல் பேசவிட்டால், வெறும் பேச்சே நம்மைப் பதைபதைக்கச் செய்யும். முன்னது அதிர்ச்சி, பின்னது பதைப்பு. மறைப்பதால் மட்டுமன்று, அறிவிப்பதாலும் அச்சம் பிறக்கிறது என்பதே இக்கலையின் அடிப்படை.

இதனை அமெரிக்கர் பேசாப்படக் காலத்திலேயே கண்டுகொண்டனர். 1909-இல் டி. டபிள்யூ. கிரிபித், 'தி லோன்லி வில்லா' என்ற சிறு படத்தை எடுத்தார். தனித்த வீட்டிலே தாயும் பெண்மக்களும், வெளியே திருடர், தொலைவிலிருந்து தந்தை விரைந்து வருகிறார். இம்மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டி, 'வந்து சேர்வாரா?' என்ற கேள்வியை அவர் நம் நெஞ்சில் எழுப்பினார். ஓரிடத்தில் நடப்பதையும் மற்றோரிடத்தில் நடப்பதையும் வெட்டி இணைக்கும் இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது.

ஹிட்ச்காக் பிறப்பால் ஆங்கிலேயர். 1939-இல் அமெரிக்கா சென்றார். 1954-இல் அவர் எடுத்த 'ரியர் விண்டோ' படத்தில், கால் முறிந்த புகைப்படக்காரர் ஒருவர் தம் அறைச் சன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்க்கிறார். அங்கே கொலை நடந்திருக்குமோ என்று ஐயுறுகிறார். காமிரா ஏறத்தாழ முழுவதும் அவ்வறையிலேயே நிற்கிறது. 1960-இல் 'சைக்கோ' வெளிவந்தபோது, படம் தொடங்கிய பின் எவரையும் கொட்டகைக்குள் விடலாகாது என்று நிபந்தனை விதித்தார். இடையில் புகுந்து இடையில் எழுந்து சென்ற வழக்கத்தை அது மாற்றியது.

இக்கலைப் பயிற்சி பெற்ற அமெரிக்கர் ஒருவர் நமக்கு மிக அருகிலேயே பணியாற்றினார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். நல்லம்பள்ளியும் தருமபுரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தச் சேலத்தில், ஏற்காட்டுச் சாலையில், 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படக்கலை பயின்ற எல்லிஸ் ஆர். டங்கன், அதே 1935-இல் இந்தியா வந்தார். தமிழ் அறியாமலே, 'சதிலீலாவதி' (1936) முதலாகப் பல தமிழ்ப் படங்களை இயக்கினார். 1950-இல் அவரும் சுந்தரமும் இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' சேலத்திலிருந்து வெளிவந்தது.

அப்படத்தின் மலைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். கணவன் மனைவியை இனிய பாட்டொன்று பாடி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவன் கொடியவன் என்பதை நாம் அறிவோம். பாட்டு இனிமையாக ஆக நம் கலக்கமும் ஏறுகிறது. மேசைக்கடியில் இருந்த குண்டு இங்கே மலையுச்சியாக நிற்கிறது! கதையோ அமெரிக்காவினுடையதன்று. தன்னைத் தள்ளிக் கொல்ல முயன்ற கணவனை வலம்வரும் பாவனையில் தானே தள்ளிவிட்ட குண்டலகேசியின் கதை அது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான அந்நூலின் செய்யுட்களுள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. கதை மட்டும் அழியாமல் வந்து திரையேறியது.

அடுத்து 1954-ஐக் கூறவேண்டும். ஏவி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' அவ்வாண்டு வெளிவந்தது. இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். இசையில் தோய்ந்த ஒருவர், ஒரு பாட்டும் இல்லாத தமிழ்ப் படத்தைத் துணிந்து எடுத்தார்! 1943 அக்டோபரில் சென்னையில் சப்பானியர் குண்டு வீசிய நாட்களே கதையின் களம். சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியாளர் கொலையுண்டு கிடக்கிறார். துப்பறிபவர் ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் கூற்றும் மற்றொருவர்மேல் ஐயத்தைத் திருப்புகிறது. சப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) இதற்குத் தூண்டுகோல் என்பர். பாட்டை எதிர்பார்த்து வந்த மக்கள் அன்று இதனைப் பெரிதும் வரவேற்கவில்லை. இன்றோ தமிழ்ப் படவரலாறு எழுதுவோர் எவரும் இதனை விட்டு எழுதுவதில்லை. கொலையாளி யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்பவருக்கு இழைத்த தீங்காகும்.

பாலசந்தரே 1964-இல் 'பொம்மை' எடுத்தார். குண்டு வைத்த பொம்மையொன்று சென்னை நகரில் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. அதனுள் இருப்பது நமக்குத் தெரியும். ஆசையோடு எடுப்பவருக்குத் தெரியாது. ஹிட்ச்காக் கூறிய எடுத்துக்காட்டின் விரிவே இது. பிறர் கதையைப் பெயர்த்து எழுதுவது எளிது. முறையைக் கற்று நம் தெருவிலும் நம் வீட்டிலும் அதனை நடத்திக் காட்டுவது அரிது. அரிய செயலைச் செய்தவர்களே வரலாற்றில் நிற்கின்றனர்.

இனி, நீங்கள் கேட்டதற்கு விடை. பள்ளி மாணவர்கள் 'ரியர் விண்டோ' படத்தையும், சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்கிரி மென்' (1957) படத்தையும் பார்க்கலாம். பின்னதில் பெரும்பகுதியும் ஓர் அறையிலேயே நடக்கிறது. தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞன் ஒருவனைப் பற்றிப் பன்னிரு சூரர்கள் முடிவுகாண வேண்டும்; பதினொருவர் 'குற்றவாளி' என்கின்றனர்; ஒருவர் மட்டும், 'சற்றுப் பேசிப் பார்ப்போம்' என்கிறார். கத்தியும் துப்பாக்கியும் செய்யாத பதைப்பை அந்தப் பேச்சு உண்டாக்குகிறது. கல்லூரி மாணவர்கள் 'டபிள் இன்டெம்னிட்டி' (1944), 'சைக்கோ' ஆகியவற்றையும், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 'ஜாஸ்' எடுத்தபோது இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாயிற்று; அதனால் அதனைக் குறைவாகவே காட்ட நேர்ந்தது. காணாத சுறாவே கண்ட சுறாவினும் மிகுதியாக அச்சுறுத்தியது. இவற்றோடு 'அந்த நாள்' படத்தையும் தவறாமல் பாருங்கள்.

பார்க்கும்போது கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில், 'குற்றவாளி இவரே' என்று உங்களுக்குத் தோன்றும் பெயரை எழுதி, அவ்வாறு எண்ணியதற்குரிய சான்றையும் எழுதுங்கள். முடிவில் அதனைப் படித்துப் பார்த்தால், பலமுறை சான்று ஒன்றும் இல்லாமல், முகத்தைக் கண்டோ பேச்சைக் கேட்டோ முடிவு கட்டியிருப்பது புலப்படும். கொட்டகையில் அப்படித் தவறினால் கேடில்லை. ஊரிலும் தெருவிலும் ஒருவர்மேல் பழி எழும்போது அவ்வாறு அவசரப்பட்டால், கெடுவது ஒரு மனிதரின் வாழ்வு. ஆராய்ந்து தெளியும் பழக்கத்தை ஒரு மர்மப் படம் உங்களுக்குத் தருமாயின், அதற்குச் செலவிட்ட இரண்டு மணி நேரம் வீணன்று.