ஓய்விலேயே உடல் பலம் பெறுகிறது

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நாள் குறித்த பின்னரே எமது பாடசாலை மைதானங்களில் பயிற்சி சூடுபிடிக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடாத பிள்ளைகள் இரண்டு கிழமைக்குள் அனைத்தையும் ஓடி முடிக்க முனைகின்றனர். கால் நோவும் தசைப்பிடிப்பும் அதன் விளைவே.

பயிற்சி உடலைக் களைப்படையச் செய்கிறது. தசையிழைகள் நுண்ணிய அளவில் சேதமடைகின்றன. சேமித்த கிளைக்கோசன் குறைகிறது. பின்னர் உணவும் உறக்கமும் கிடைக்கும்போது உடல் அதனைத் திருத்தி, முன்னரிலும் சற்றுக் கூடிய சுமையைத் தாங்கத் தயாராகிறது. ஓய்வில்லாத பயிற்சி சேதத்தை மட்டுமே கூட்டும்.

சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது முதல் விதி. முதற் கிழமைகளில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசைகளை இயக்கப் பழகுவதால் வருவது. தசை பருக்க மேலும் பல கிழமைகள் வேண்டும். எலும்பும், தசையை அதனுடன் இணைக்கும் நாண்களும் இன்னும் மெதுவாகவே உறுதியடையும். மூச்சு இடங்கொடுத்தாலும் கால் நோவது இதனாலேயே.

எதைப் பழகுகிறோமோ அதற்கே உடல் இசைவடையும் என்பது இரண்டாம் விதி. நெடுந்தூர ஓட்டம், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் அளவைக் கூட்டும். தசைகளில் மயிர்த்துளைக் குழாய்களைப் பெருக்கும். 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்தவரான நா. எதிர்வீரசிங்கம் போன்றோருக்கு வேண்டியதோ ஒரு கணத்தில் வெளிப்படும் உதைப்பலம்.

பயிற்சியை விட்டால் பலமும் போகும் என்பது மூன்றாம் விதி. 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் 5 இளைஞர்களை 3 கிழமைகள் படுக்கையில் வைத்து ஆராய்ந்தனர். ஒட்சிசனைப் பயன்படுத்தும் அவர்களின் உச்சத் திறன் நான்கிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. ஏறத்தாழ 2 மாதப் பயிற்சியின் பின் இழந்ததை மீளப் பெற்றனர்.

போரில் காயமடைந்து நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களுக்கும், செயற்கைக் காலுடன் நடப்பவர்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும். மெலிந்த தசை மீளப் பலம் பெறும். மருத்துவரின் ஆலோசனையுடன் சில நிமிட நடையில் தொடங்கி, ஓய்வெடுத்து, சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். செயற்கைக் கால் பொருந்தும் இடத்தில் தோல் சிவந்து, அது விரைவில் மறையாவிட்டால் நடையை நிறுத்திக் காலின் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கோ, போட்டிக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்னரே ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சியைத் தொடங்குவது நல்லது.