ரெட்டைப் பிள்ளைன்னா, நஞ்சுக்கொடி எத்தனை?

ஸ்கேன்ல ரெட்டைப் பிள்ளைன்னு தெரிஞ்சதும் வீட்ல எல்லாரும் கேட்கிறது, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா டாக்டர்?" டாக்டர் மனசுல ஓடுற கேள்வி வேற. நஞ்சுக்கொடி, அதாவது பிளசென்டா, ஒண்ணா ரெண்டா? இந்தக் கேள்விக்கு மருத்துவம் வந்து சேர்ந்த கதைதான் இந்தத் தொடர். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நெதர்லாந்தில் 1617இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கு. துணியில் இறுக்கிச் சுற்றிய இரண்டு பச்சைக் குழந்தைகள். ஒன்று வெளிறிப்போயிருக்கு, மற்றது சிவந்திருக்கு. வயித்துக்குள்ளேயே ஒன்றின் ரத்தம் இன்னொன்றுக்குப் போயிருக்கணும் என்று நம் காலத்து மருத்துவர்கள் சிலர் சந்தேகப்பட்டாங்க. படத்தைப் பார்த்து நோய் சொல்றது கொஞ்சம் ஆபத்தான விளையாட்டு. ஆனா அந்த நோய் நிஜம்.

1821இல் பாரிஸில் கெர்கரடெக் என்ற மருத்துவர், கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டதாக அறிவித்தார். ரெட்டைக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கவும் இது உதவும் என்பது அவர் எண்ணம். நடைமுறையில் அவ்வளவு சுலபமா இல்லை. ஸ்கேன் வரும்வரை, முதல் குழந்தை பிறந்த பிறகுதான் உள்ளே இன்னொன்று இருப்பதே பல பிரசவங்களில் தெரிய வந்தது. 1935இல் எர்கோமெட்ரின் கிடைத்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் அருமையான மருந்து. ஆனா உள்ளே தெரியாமல் ஒரு குழந்தை இருக்கும்போது போட்டால், கர்ப்பப்பை இறுகி அந்தக் குழந்தை மூச்சுத் திணறும். தாயைக் காப்பாற்றும் ஊசியே பிள்ளைக்கு எமன்.

எர்கோமெட்ரினுக்கு முன்பே, ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் ஃப்ரீட்ரிக் ஷாட்ஸ் என்ற பிரசவ மருத்துவர் நஞ்சுக்கொடிகளை எடுத்து வைத்து ஆராய்ந்துகிட்டு இருந்தார். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் பிள்ளைகளின் ரத்தக் குழாய்கள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கண்டார். அதுக்கு அவர் வைத்த பெயர் "மூன்றாவது ரத்த ஓட்டம்". 1882இல் அவர் எழுதியது: ஒரு குழந்தையைச் சுற்றிப் பனிக்குட நீர் அளவுக்கு மீறி, மற்றதைச் சுற்றி நீரே இல்லாமல். நோயைச் சரியாகவே புரிந்துகொண்டார். என்ன பயன்? நஞ்சுக்கொடி கைக்கு வருவது பிரசவத்துக்குப் பிறகுதானே!

1955இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட், பாய்லர் தொழிற்சாலையில் உலோக விரிசலைத் தேடும் கருவியை வைத்துச் சோதனை செய்து பார்த்தார். 1958இல் அல்ட்ராசவுண்ட் கட்டுரை வெளிவந்தது. இனி எண்ணிக்கை தெரிஞ்சிடும். ஆனா நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டு ஒட்டிக்கிட்டிருக்கா? அதைச் சொன்னது ஒரு சின்ன முக்கோணம். ரெண்டு நஞ்சுக்கொடி ஒட்டியிருந்தால், நடுவில் இருக்கும் சவ்வின் அடியில் திசு ஆப்பு மாதிரி ஏறி நிற்கும். கிரேக்க எழுத்து லாம்டா போல. ஒன்றுதான் என்றால் மெல்லிய சவ்வு நேராக வந்து முட்டும், ஆங்கில T போல. 10 முதல் 14 வாரத்துக்குள் இதை நம்பலாம் என்று 1996இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக் குழு காட்டியது. நாள் போகப் போக இந்த அடையாளம் மங்கிடும். "அஞ்சாம் மாச ஸ்கேன்ல பார்த்துக்கலாம்"னு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு இடைக்குறிப்பு: ஒரே மாதிரி இருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் நஞ்சுக்கொடி ஒன்று இல்லை. கரு முதல் 3 நாளுக்குள் பிரிந்திருந்தால் அவங்களுக்கும் இரண்டு.

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15இல் இந்த ரத்தக் கைமாற்றம் வருது. கடுமையாகி, கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இரண்டுமே பிழைக்காது. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் ஜூலியன் டி லியா, கர்ப்பப்பைக்குள் லேசர் செலுத்தி, ஷாட்ஸ் காட்டிய அதே குழாய்களைச் சுட்டு அடைத்தார். பலர் நம்பவில்லை. 2004இல் ஐரோப்பிய ஆய்வின் முடிவு வந்தது. 142 தாய்மார்கள். ஒரு பிள்ளையாவது 28 நாள் தாண்டியது, லேசரில் 76 சதவீதம், நீரை மட்டும் வடித்தவர்களில் 56 சதவீதம். வித்தியாசம் தெளிவா இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

தாய்க்கு நஞ்சுக்கொடிக் கணக்கு அவ்வளவு வித்தியாசம் செய்யாது. ஒன்றோ இரண்டோ, பிரஷர், ரத்தசோகை, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு மூன்றுக்கும் வாய்ப்பு அதிகம்.

அந்த 100இல் 10, 15 பேர் யார்னு 12வது வாரத்திலேயே சொல்ல முடியுமா? நம்பகமா சொல்ற டெஸ்ட் இன்னும் இல்லை. அதனாலதான் நஞ்சுக்கொடி ஒன்றுன்னா, 16வது வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒரு பிள்ளையைச் சுற்றி நீரின் ஆழம் 2 சென்டிமீட்டருக்குக் கீழே, மற்றதுக்கு 8க்கு மேலேன்னு வந்தா, அன்னைக்கே லேசர் வசதி இருக்கிற மருத்துவமனைக்குப் பேசுவோம்.