முதலைப் பல் என்று பெயர் வாங்கிய பல்

மீனுண்ணி டைனோசர்களைப் பற்றிய குழப்பம் எல்லாம் பல்லில் தொடங்கியது. இரு காலில் நடந்த ஊனுண்ணிகளைத் தெரோபொட் என்பர். அவற்றின் பல் பொதுவாகத் தட்டையாக, ஓரத்தில் வாளைப் போல அரங்களுடன் இருக்கும். இறைச்சியை அறுக்க அதுதான் வசதி. அவற்றுள் மீனுண்ணிகளான ஸ்பைனோசர் குடும்பத்தின் பல்லோ கூம்பு வடிவானது. வழுக்கும் மீனை அறுத்துக்கொண்டிருக்க முடியாது, குத்திப் பிடித்து விழுங்க வேண்டும். அம்பாறைக் கரையோர ஆறுகளிலும் களப்புகளிலும் கிடக்கும் முதலையின் பல்லும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆகவே இங்கிலாந்தில் கிடைத்த அத்தகைய பற்களுக்கு 1841இல் ரிச்சர்ட் ஓவன் 'சூக்கோசரஸ்' என்று பெயரிட்டு, முதலையினத்தில் சேர்த்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அன்று எலும்புக்கூடு எதுவும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகே அவை டைனோசர் பற்கள் என்பது தெளிவானது.

1912இல் எகிப்தின் பஹரியா பாலைவனச் சோலையில் ரிச்சர்ட் மார்க்கிராஃப் தோண்டியெடுத்த எலும்புகளை ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் ஆராய்ந்து, 1915இல் 'ஸ்பைனோசரஸ்' என்று பெயரிட்டார். முதுகெலும்பின் முட்கள் 1.65 மீற்றர் வரை உயர்ந்திருந்தன. குடும்பப் பெயரையும் அவரே வைத்தார். 1944 ஏப்ரலில் மியூனிக் நகர்மீது விழுந்த குண்டுகள் அருங்காட்சியகத்தோடு அந்த எலும்புகளையும் அழித்தன. மிஞ்சியவை அவருடைய படங்களும் குறிப்புகளும் சில ஒளிப்படங்களுமே.

அடுத்த திருப்பம் ஒரு செங்கல் களிமண் குழியில் வந்தது. 1983இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், குழாய் வேலை பார்த்துவந்த வில்லியம் வாக்கர் ஒரு பெரிய நகத்தைக் கண்டெடுத்தார். வளைவோடு அளந்தால் அது ஏறக்குறைய 31 சென்ரிமீற்றர். 1986இல் அலன் சாரிக்கும் ஏஞ்சலா மில்னரும் அந்த விலங்குக்கு 'பரியோனிக்ஸ் வாக்கரி' என்று பெயரிட்டனர். அதன் வயிற்றுப் பகுதியில் அமிலத்தில் அரித்த மீன் செதில்கள் இருந்தன. இரைப்பையே சாட்சி சொன்னதால், மீனுணவு ஊகமாக இருந்த நிலை மாறியது. கூடவே ஓர் இளம் இகுவானோடன் வகை விலங்கின் எலும்புகளும் கிடந்தன. மீன் மட்டுமே தின்றது என்பதும் சரியல்ல.

பிரேசிலின் 'இரிட்டேட்டர்' கதை வேறு. அந்த மண்டையோட்டை விற்றவர்கள் விலை கூட்டுவதற்காக மூக்கைச் செயற்கையாக நீட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பூச்சை அகற்றப் பட்ட எரிச்சலே 1996இல் பெயராகிவிட்டது.

ஆசியாவிலும் பல்தான் முதலில் வந்தது. தாய்லாந்தின் கொன் கேன் மாகாணத்தில் கிடைத்த பற்களைக்கொண்டு 1986இல் 'சியாமோசரஸ்' பெயர் பெற்றது. வெறும் பற்கள் என்பதால் ஐயம் நீடித்தது. சீனாவில் 1975இல் கடல் ஊர்வனவாகப் பதிவான பற்கள்கூட 2008இல் இந்தக் குடும்பத்துக்கு மாற்றப்பட்டன. 2012இல் லாவோசின் 'இக்தியோவெனேட்டர்' முதுகெலும்புகளோடு வந்த பிறகே ஆசியச் சான்று உறுதியானது.

இன்று குடும்பம் இரண்டு கிளைகளாகப் பிரிக்கப்படுகிறது. பரியோனிக்ஸ் கிளையின் பற்களில் நுண்ணிய அரங்கள் உண்டு, சற்றே வளைவும் உண்டு. ஸ்பைனோசரஸ் கிளையின் பற்கள் நேரானவை, அரமற்றவை; மூக்குத்துளை நன்றாகப் பின்தள்ளியிருக்கும். 2020இல் மொரோக்கோவில் கிடைத்த ஸ்பைனோசரஸின் துடுப்பு போன்ற வாலெலும்பு பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஸ்பைனோசரஸ் நீந்தி வேட்டையாடியதா, கொக்கைப்போல் கரையோரம் நின்று பிடித்ததா என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

அம்பாறைக் கரையோரத்து அக்கரைப்பற்று மண்ணில் இவற்றைத் தேடிப் பயனில்லை. களப்பு வண்டலும் கடல் மணலும் மிகப் புதியவை. அடியில் கிடக்கும் விஜயன் தொகுதிப் பாறையோ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. மீனுண்ணிகளின் சான்றுகளோ பெரும்பாலும் 13 கோடிக்கும் 9 கோடிக்கும் இடைப்பட்டவை. இலங்கையில் டைனோசர் காலத்துப் படிவுகள் புத்தளம் பக்கம் தப்போவையிலும் ஆண்டிகமவிலும் உள்ளன; அவை பேர்பெற்றது இலைச் சுவடுகளுக்கு. தமிழ்நாட்டு அரியலூரின் கல்லமேட்டுப் படிவு ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையானது, இந்தக் குடும்பத்துக்குப் பிந்தியது. அங்கும் வகைப்பாடு தடுமாறியது: 1980களின் பிற்பகுதியில் தெரோபொட் என்று அறிவிக்கப்பட்ட 'பிருகத்காயோசரஸ்' பின்னர் நெடுங்கழுத்துத் தாவரவுண்ணியாக மாற்றப்பட்டது. அதன் எலும்புகளும் பொடிந்துபோயின.

அக்கரைப்பற்றிலிருந்து புறப்பட்டு மீனுண்ணி டைனோசரின் பல் கிடைத்த நிலத்தைப் பார்க்க விரும்புபவர், வங்கக் கடலைத் தாண்டித் தாய்லாந்துக்குத்தான் போக வேண்டும்.